கண்ணாடியில் சந்தனம்

காரைக்குடிக்கு வெளியே, தேவகோட்டைச் சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் குருநாதனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்தர் என்றுதான் அழைத்தார்கள். அவர் நாச்சியாபுரத்துப் பொற்கொல்லர், அந்தத் தொழில் செய்பவருக்கு அங்கே அதுதான் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினான்கு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனபோது, அந்தத் தங்கத்தில் மகளுக்குத் தாலி செய்யச் சொல்லி யாரும் அவரிடம் வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு காரைக்குடிக்கு வந்து மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்தார். இதை ஒரு துயரக் கதையாக அவர் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், அங்குட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தேன், இங்குட்டு நிமிர்ந்து நிற்கிறேன், அவ்வளவுதான் என்பார்.

பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர். காலையில் மில் கேட்டில் போய்க் காத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் வீடு. பத்தரின் மனைவி மீனாம்பிகை, வேலை உண்டா இல்லையா என்று தெரியாமலே தினமும் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுப்பாள். வேலை இல்லாத நாளில் அவர் சோறு நிறைந்த வாளியோடு திரும்பி வருவார். கனமுள்ள வாளி கையில் தொங்கும் விதமே வேறு. தெருவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பார்த்துக்கொள்வார்கள். மீனாம்பிகை மட்டும் வாசலில் வாளியை வாங்கிக்கொண்டே சொல்வாள்: "காத்தாடப் போயிட்டு வாரீகளாக்கும்."

எட்டு வருடம் இப்படிப் போனது. பத்தருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: நிரந்தர ஆட்களின் வரிசையில் தன் பெயர் ஏற வேண்டும். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றிலும் அது இருந்தது.

மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் சிவசங்கரன் மதுரைக்காரர், படித்தவர், நிதானமானவர். பத்தருக்கு வேலை கிடைக்கும் நாட்களில் அவரைச் சோதனை அறைக்கு அழைத்துக்கொள்வார். அங்கே ஒரு கறுப்புப் பலகையில் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நூலில் ஆங்காங்கே பஞ்சு திரண்டு தடித்திருக்கும். அதற்கு மில்லில் முண்டு என்று பெயர். துணியாக நெய்த பிறகு அந்த முண்டு கம்பளிப்பூச்சி போலத் தெரியும். பத்தரின் கண் முண்டைச் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அந்தக் கண்ணிலும் ஒரு கோளாறு இருந்தது. எல்லாவற்றையும் குறை என்று சொல்லும். நகையில் தூசியளவு பிசிறும் குறைதான். நூலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று மாஸ்டர் பலமுறை சொல்லியும் அவரால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எழுபத்தொன்றில் நூல் வாங்குபவர்களிடமிருந்து புகார்கள் கூடின. முண்டு அதிகம் என்றார்கள். மில்லின் முதலாளி சாத்தப்பச் செட்டியார், முண்டைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் கருவி வந்திருக்கிறதாமே, வாங்கிப் பொருத்துங்கள் என்று மாஸ்டரிடம் சொன்னார்.

நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் நூல் சிறு கட்டையிலிருந்து கூம்பு வடிவான பெரிய கோனுக்கு ஓடும். ஓடும் வழியில் அந்தக் கருவியைப் பொருத்த வேண்டும். முண்டு வந்தால் கருவி நூலை வெட்டும். எந்திரத்தில் நிற்கும் பெண் அறுந்த முனைகளை முடிந்து மறுபடி ஓடவிடுவாள். இரண்டு வகைக் கருவிகள் பார்வைக்கு வந்தன. ஒன்றில் ஒரு பக்கம் சிறு விளக்கு. எதிர்ப்பக்கம் சுண்டுவிரல் நகமளவு கண்ணாடி, அதற்குப் பின்னால் வெளிச்சத்தை உணரும் சில்லு. நடுவில் ஓடும் நூலின் நிழல் கண்ணாடியில் விழும். நிழல் தடித்தால் வெட்டும். இன்னொன்றில் விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நூல் ஓடும். அங்கே பஞ்சு கூடினால் தகட்டில் மின்சாரம் மாறும். அதை வைத்து வெட்டும்.

மில்லில் முன்னதைக் கண்ணுக் கருவி என்றும் பின்னதைத் தகட்டுக் கருவி என்றும் சொல்லத் தொடங்கினார்கள். கண்ணுக் கருவியைக் கொண்டுவந்தவர் சேதுபதி என்ற விற்பனைப் பிரதிநிதி. மதுரையில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு சிறு நிறுவனத்தின் ஆள். இந்த ஒரு மில் வாங்கினால் அதைக் காட்டி மற்ற மில்களுக்குப் போகலாம் என்று தங்கியிருந்து பார்த்துக்கொண்டார்.

எது நல்ல கருவி என்று கேட்பதற்கு முன், எதை வெட்ட வேண்டும் என்று நாம் முடிவு செய்ய வேண்டும் என்றார் மாஸ்டர். பத்தரை உட்காரவைத்து, விதவிதமான முண்டுகளை அட்டையில் ஒட்டச் சொன்னார். பத்தர் ஒட்டிய எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்றார். மாஸ்டர் சிரிக்கவில்லை. வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு விழும், அந்த முடிச்சும் குறைதானே, ஒரு சின்னக் குறையை எடுக்க இன்னொரு குறையைப் போடலாமா என்று கேட்டார். பத்தர் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் அட்டையில் பாதியைப் பிய்த்து எடுத்தார். எந்தக் குறையோடு வாழலாம் என்று தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அப்போதுதான் அறிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு அவருடைய தொழில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஒரே வைண்டிங் எந்திரத்தில் பாதிக்குக் கண்ணுக் கருவி, பாதிக்குத் தகட்டுக் கருவி, ஒரே நூல், சில வாரங்கள் ஓட்டம் என்று ஏற்பாடானது. முடிந்த கோன்களை எந்தக் கருவியில் ஓடியது என்று சொல்லாமல் பத்தரிடம் கொடுப்பார்கள். அவர் பலகையில் சுற்றி, தப்பிவந்த முண்டுகளைக் குறிப்பார். எந்தக் கருவி வந்தாலும் அதைப் பராமரிக்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும். அந்த இடத்துக்குப் பத்தரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார் மாஸ்டர். அன்று வீட்டுக்குப் போன பத்தர் மனைவியிடம் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவும்போது சொன்னார்.

முதலாளி ஒருநாள் பார்க்க வந்து, பத்தரே ஓங்களுக்கு எது தோணுது என்று கேட்டபோது, வெளிச்சத்தை நம்பலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார் பத்தர். தகட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, நிழல் தெரிகிறது என்றார். அவர் வார்த்தை பொய்க்கவில்லை. முதல் சில வாரங்களில் கண்ணுக் கருவியே கொஞ்சம் முந்தியிருந்தது.

அப்போது ஆயுத பூசை வந்தது. மில்லை நிறுத்திக் கழுவி, மாவிலை கட்டி, எந்திரங்களுக்குப் பொட்டு வைத்தார்கள். மற்றவர்கள் எந்திரத்தின் பக்கவாட்டு இரும்பில், உயரத்தில், கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு போனார்கள். பத்தருடைய குல வழக்கம் வேறு. ஆயுதம் எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் பொட்டு. வைத்து அடிக்கும் பட்டடைக்கு அதன் முகத்தில், குறட்டுக்கு அதன் நுனியில், ஊதுகுழலுக்கு அதன் வாயில். பிடியில் வைத்தால் பிடித்தவனுக்கு வைத்ததாகிவிடும் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். பட்டறை மூடிய பிறகு பொட்டு வைக்க அவருக்கென்று ஓர் ஆயுதம் இல்லாமல் இருந்தது. இந்த வருடம் இருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு அவர் கருவி கருவியாகப் போய், கண்ணாடியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். தகட்டுக் கருவியில் விரல் நுழையவில்லை. அதற்கு மூடியின்மேல் வைத்தார்.

மறுநாள் காலையில் வழக்கப்படி தொட்டுக் கும்பிட்டு, வேட்டி நுனியால் எல்லாவற்றையும் துடைத்தார். சுத்தமாகத் துடைத்ததாகத்தான் அவர் நினைத்தார்.

அதற்கு அடுத்த வாரங்களில் கண்ணுக் கருவி தளர்ந்தது. ஓடிய கோன்களில் முண்டு முண்டாகத் தப்பி வந்தது. எந்தக் கருவியின் கோன் என்று தெரியாமலே பத்தர் அவற்றைக் குறித்துக்கொண்டிருந்தார். இப்படித் தன் வார்த்தையைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது முடிவைச் சொன்ன அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. விளக்கு சீக்கிரம் மங்கிவிடுகிறது, ஒரு மாதம் தாங்காத விளக்கை நம்பி வாங்க முடியாது என்றார் மாஸ்டர். சேதுபதி விளக்கை மாற்றிப் பார்த்தார், திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கருவிகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

கழற்றும் வேலை பத்தரிடம் வந்தது. ஒரு கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, கண்ணாடியின்மேல் மெல்லிய மஞ்சள் தோல் படிந்திருந்ததைப் பார்த்தார். அதில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். அடுத்த கருவியையும் அதற்கடுத்ததையும் எடுத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மீனாம்பிகை கேட்டு முடித்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"தகட்டுக் கருவி வாங்குனாலும் அதப் பாத்துக்கிற ஆளு வேணும்ல?"

"வேணும்."

"அந்த ஆளு நீகதானே?"

"மாஸ்டர் சொல்லிருக்காரு."

"பெறகு என்னத்துக்கு இந்த மூஞ்சி? சாமிக்கு வச்சீக. சாமி வந்து ஏன்டா வச்சேன்னு கேட்டுச்சா?"

"சாமி கேக்கல. அந்தச் சேதுபதி மூட்டை கட்டிக்கிட்டிருக்காரு. தன்னோட சாமான்ல கோளாறுன்னு நெனச்சுக்கிட்டுப் போறாரு."

அவள் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, கண்ணாடி மங்கியிருக்கிறதென்று மட்டும் மாஸ்டரிடம் சொல்லுங்கள், யார் மங்க வைத்தார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றாள். பத்தருக்கும் அது போதும் என்றுதான் பட்டது. "சொல்றதுன்னா நாளைக்கே சொல்லிருங்க. இந்த மூஞ்சியோட ஒரு வாரம் எல்லாம் என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டுச் சோற்றை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அவர் அப்படியே செய்தார். கண்ணாடியில் ஏதோ படிந்திருக்கிறது என்று மாஸ்டரிடம் காட்டினார். மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கலாம். சேதுபதியையும் அழைத்துக்கொண்டு மூவருமாக முதலாளி அறைக்குப் போனார்கள்.

மாஸ்டர் சுருக்கமாகச் சொன்னார். கண்ணாடியில் அழுக்குப் படிந்துவிட்டது, அதனால்தான் கருவி குருடாகிப் போனது, சோதனை செல்லாது. சேதுபதிக்கு உயிர் வந்தது போலிருந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. எங்கள் கருவியைக் குறை சொன்னீர்களே, இவ்வளவு அழுக்கு எப்படிங்க வரும், என்ன அழுக்கு இது என்று கண்ணாடியை முதலாளியின் மேசையில் வைத்து, அழுக்கு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். துடைத்துத் தூர எறிய வேண்டிய எதையோ பற்றிப் பேசுவது போல இருந்தது அவர் பேச்சு.

பத்தர் கதவோரம் நின்றிருந்தார். அவர் வாய் திறக்க வேண்டிய தேவை இல்லை.

"அது அழுக்கு இல்ல முதலாளி" என்றார். "சந்தனம்."

முதலாளி கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "யாரு வச்சது?"

"நான்தான். பூசைக்கு வச்சேன்."

"எல்லாரும் இரும்புல வைக்கிறாக. நீக எதுக்கு அதோட கண்ணுல கொண்டுபோய் வச்சீக?"

"வேலை அங்கனதானே நடக்குது."

சேதுபதி ஏதோ சொல்ல வந்து, மாஸ்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலாளிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அவர் வீட்டிலும் பூசை நடந்திருந்தது.

"அடுத்த பூசைக்கு என்ன செய்வீக?"

"வைப்பேன். கண்ணாடியில வைக்க மாட்டேன்."

"நீக வைக்க மாட்டீக. ஓங்களுக்குப் பெறகு வாரவன் வைப்பான்" என்றார் முதலாளி.

இதைப் பத்தரின் நேர்மை என்று பிற்காலத்தில் சிலர் புகழ்ந்ததுண்டு. அது முழுதும் சரியில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் அந்த அறைக்குள் வரவில்லை. பாதி உண்மையோடு திரும்பிவிடத்தான் வந்தார். தன் கையால் அரைத்து, தான் வணங்கி வைத்த ஒன்றை அழுக்கு என்று சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் நிரந்தர வேலை அவர் நினைவில் இருந்ததா என்பதுகூடச் சந்தேகம். ஆனால் சொல்லிவிட்ட பிறகு அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, மன்னிப்பு என்ற பெயரில் மழுப்பவும் இல்லை. மதிக்க வேண்டுமானால் அதைத்தான் மதிக்க வேண்டும். அதே சந்தனம் கண்ணாடியைப் பொறுத்தவரை அழுக்குத்தான் என்பதும் உண்மை. கண்ணாடிக்குத் தெரிந்தது வெளிச்சத்தை மறைப்பது, மறைக்காதது என்ற இரண்டு மட்டுமே.

மாஸ்டர் கண்ணாடிகளை ஸ்பிரிட்டால் துடைக்கச் செய்து, சோதனையை மறுபடி நடத்தினார். இந்த முறை இரண்டு கருவிகளும் ஏறத்தாழ சமமாக வந்தன. சேதுபதியின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஆனால் வாங்கியது தகட்டுக் கருவியைத்தான். இந்த மில்லில் பஞ்சு பறக்கும், எண்ணெய் தெறிக்கும், வருடத்துக்கு ஒருமுறை சந்தனமும் வரும். நம் மில்லில் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் நடந்த பிறகும் வேலை செய்கிற கருவிதான் நமக்கு வேண்டும் என்றார் மாஸ்டர். சேதுபதி அதை மறுக்க முடியாமல் கருவிகளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது பத்தரின் கையைப் பிடித்து, மற்ற மில்களில் கண்ணாடிக்கு ஒரு மூடி போட்டுத் தருகிறேன், ஓங்க புண்ணியம் என்றார். பத்தருக்கு அது கேலியா இல்லையா என்று தெரியவில்லை.

கருவியைப் பராமரிக்கும் இடம் பத்தருக்குக் கிடைக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்திருந்த கானாடுகாத்தானைச் சேர்ந்த பெரியகருப்பனுக்கு அதைக் கொடுத்தார்கள். பத்தர் நல்லவர், ஆனால் எந்திரத்தைத் தொடும் கையில் பழைய பழக்கம் இருக்கக் கூடாது என்று முதலாளி சொன்னாராம். அதை அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. நியாயம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பத்தர் மறுபடி கேட்டில் நின்றார். மறுபடி சில நாட்கள் கனத்த வாளியோடு திரும்பி வந்தார். மீனாம்பிகை அந்தக் காலத்தில் மட்டும் கிண்டல் செய்யவில்லை. அதுவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் அவரே வாசலில் நின்று, காத்தாடப் போயிட்டு வாரேன் என்று சொன்னார். அதற்கு அவள், போகையிலயே சொல்லிருந்தா வெறும் வாளியக் குடுத்திருப்பேன்ல என்றாள்.

ஒரு வருடம் கழித்து வேறுவிதமான புகார் வந்தது. நூலில் முண்டு இல்லை, ஆனால் நீளநீளமாகக் கறுப்புக் கறை இருக்கிறது என்றார்கள். எந்திரத்தின் எண்ணெய் பட்ட நூல். தகட்டுக் கருவி அதை வெட்டவில்லை. வெட்டாது. கறைக்குக் கனம் இல்லை, பஞ்சும் கூடுவதில்லை. தகடுகளுக்கு அது சுத்தமான நூல். பெரியகருப்பன் கருவியை எப்படித் திருப்பிப் பார்த்தும் பயனில்லை, அது அவன் தவறும் இல்லை. கண்ணுக் கருவிதான் வாங்கியிருக்க வேண்டுமா என்று முதலாளி கேட்டார். அதுவும் முண்டைத்தான் பார்க்கும், கறையைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது, ஒவ்வொரு கருவியும் எதைப் பார்க்கச் செய்தார்களோ அதை மட்டும்தான் பார்க்கும், மிச்சத்தைப் பார்க்க ஓர் ஆள் உட்கார வேண்டும் என்றார் மாஸ்டர். ஆள் யார் என்று முதலாளி கேட்கவில்லை. சோதனை அறைக்கு நிரந்தர இடம் ஒன்று உண்டாக்கப்பட்டு, எழுபத்து மூன்றில் பத்தரின் பெயர் அதில் ஏறியது.

அந்த வருட ஆயுத பூசையன்று அவர் சந்தனக் கிண்ணத்தோடு வைண்டிங் பகுதிக்குள் வந்தபோது, பெரியகருப்பன் தன் கருவிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"பத்தரய்யா, எங்க வைக்கப் போறீக?"

"பயப்படாதப்பா. வேலை எங்கன நடக்குதுன்னு காட்டு, அங்கன வைக்காம இருக்கேன்."

வைண்டிங் பெண்கள் சிரித்தார்கள். அவன் தகடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினான். பத்தர் குனிந்து பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கருவியின் மூடியில் பொட்டு வைத்துவிட்டுச் சோதனை அறைக்குப் போனார். கறுப்புப் பலகையின் முன்னால் கொஞ்சம் தயங்கினார். வேலை நடப்பது அதன் முகத்தில்தான். அங்கே வைத்தால் நாளைக்கு நூலில் மஞ்சள் கறை படியும், அந்தக் கறையை அவரே குறையாகக் குறிக்க வேண்டியிருக்கும். பலகையின் மரச்சட்டத்தில் வைத்தார். அப்பாவிடம் மனதுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டாரா என்பது தெரியாது.

பூசை முடிந்து நிரந்தர ஆட்களுக்கெல்லாம், சாப்பிட்டுக் காலியான அவரவர் பாத்திரத்தில் பொரியும் கடலையும் அளந்து போட்டார்கள். மத்தியானத்துக்கு முன்பே அவர் தெருவில் வருவதையும், வாளி மூடியைத் தூக்கும்படி நிறைந்திருப்பதையும் மீனாம்பிகை வாசலிலிருந்து பார்த்தாள். வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று அவள் முகம் மாறியதை அவரும் பார்த்தார். வாளியை நீட்டினார். வாங்கியதும் அதன் கனமின்மை அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பொட்டு எங்க வச்சீக?" என்று கேட்டாள்.

"சட்டத்துல."

"அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதற்காகக் கொஞ்சம் பொரியை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள்.